ஜவுளி இறக்குமதிக் கோட்டா: நெடுநாள் வாடிக்கையாளரின் மதிப்புரை

வெளிநாட்டு ஆயத்த ஆடைகளைத் தருவிக்கும் நிறுவனங்களுக்கு ஆவண வேலை பார்த்தே காலம் தள்ளியவன் நான். அரசு தரும் சேவைகளில் எதை அதிகமாகப் பயன்படுத்தினீர்கள் என்று யாராவது கேட்டால், தயங்காமல் கோட்டா என்றுதான் சொல்வேன்; அதாவது ஒரு சரக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் உள்ளே வரலாம் என்று அரசு வைக்கும் வரம்பு. தடுப்பதற்கென்றே ஏற்பட்ட ஒன்றைச் சேவை என்று அழைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் விண்ணப்பம் போட்டு, முத்திரை பெற்று, நிலவர அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்து, கடைசியில் சரக்கு சுங்கத்தை விட்டு வெளியே வந்ததா வரவில்லையா என்ற கேள்வியில் போய் முடிகிற எதுவும், அதைப் பயன்படுத்துகிறவனுக்குச் சேவைதான். அந்தக் கண்ணோட்டத்தில், நான் கையாண்ட மூன்று கோட்டா முறைகளை இங்கே மதிப்பிடுகிறேன். 2004 முடிய அமெரிக்கா நடத்திய விசா முறை ஒன்று. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் அவசர அவசரமாகக் கொண்டுவந்த முறை இன்னொன்று. வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் சலுகை அளவு மூன்றாவது.

உள்நாட்டு ஆலைகளைக் காக்க இறக்குமதிக்கு வரம்பு வைப்பது சரியா, தவறா என்பதைப் பொருளியல் படித்தவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: “இனி இடமில்லை” என்ற பதிலை ஒரு முறை எந்தக் கட்டத்தில் சொல்கிறது? நூல் வாங்குமுன் சொல்லிவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்போடு கதை முடிந்தது. ஆர்டரை வேறொரு நாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். துணியை வெட்டியபின் சொன்னால் தைத்துக் கொடுப்பவர் தலையில் கைவைத்துக்கொள்வார். கப்பல் துறைமுகத்தில் நின்றபின் சொன்னால், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் ஆகிய மூவருமே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் நிற்பார்கள். வரம்பு தாராளமாக இருந்தும் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்ட கோட்டா உண்டு. வரம்பு இறுக்கமாக இருந்தும் முன்கூட்டியே உண்மையைச் சொன்ன கோட்டாவும் உண்டு.

இந்தச் சேவை தற்காலிகம் என்று சொல்லித்தான் தொடங்கப்பட்டது. 1957இல் ஜப்பான், அமெரிக்காவுக்கு அனுப்பும் பருத்தி ஜவுளியைத் தானாகவே மட்டுப்படுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. அந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1961இல் காட் என்ற பன்னாட்டு வணிக உடன்பாட்டின்கீழ் பருத்தி ஜவுளிக்கான குறுகிய கால ஏற்பாடு வந்தது. அடுத்த ஆண்டே அது நீண்ட கால ஏற்பாடாகப் பெயர் மாற்றிக்கொண்டது. 1974 ஜனவரி 1 முதல் கம்பளியையும் செயற்கை இழையையும் சேர்த்துக்கொண்டு பல்லிழை ஒப்பந்தம், அதாவது தொழிலில் எல்லோரும் எம்எஃப்ஏ என்று சொன்னது, நடைமுறைக்கு வந்தது. உலக வணிக அமைப்பு பிறந்தபின் 1995 முதல் பத்தாண்டுகளில் அதைப் படிப்படியாகக் கலைத்து, 2004 டிசம்பர் 31 அன்று முடித்தார்கள். குறுகிய காலம் என்று பிள்ளையார் சுழி போட்டது 43 ஆண்டுகள் ஓடியது.

முதலில் அமெரிக்க விசா முறை. இங்கே விசா என்பது மனிதருக்கு அல்ல, சட்டைக்கு. ஒவ்வோர் ஆடை வகைக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. 300இல் தொடங்குபவை பருத்தி, 400 கம்பளி, 600 செயற்கை இழை. ஆண்களின் பருத்திப் பின்னல் சட்டை 338, பெண்களுடையது 339, நெய்த துணியில் தைத்த ஆண்கள் சட்டை 340, பருத்திக் கால்சட்டைகள் 347, 348. எங்கள் அலுவலகத்தில் சட்டை, கால்சட்டை என்று யாரும் பேசியதாக நினைவில்லை. “340 கிடைக்குமா, 347 எவ்வளவு பாக்கி” என்றுதான் நாள் முழுவதும் பேச்சு ஓடும். எல்லா வகைகளையும் ஒரே தராசில் நிறுப்பதற்காகச் சதுர மீட்டர் சமானம் என்ற கணக்கு இருந்தது. ஒரு டஜன் பின்னல் சட்டைக்கு 6 சதுர மீட்டர், ஒரு டஜன் கால்சட்டைக்கு 14.9, ஒரு டஜன் நெய்த சட்டைக்கு 20.1. கால்சட்டையைவிட நெய்த சட்டைக்கு ஏன் இத்தனை துணி என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கேட்பார்கள். அட்டவணை அப்படித்தான் சொல்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருந்ததில்லை.

விசா என்பது வணிக விலைப்பட்டியலின் அசல் பிரதியில், முன்பக்கத்தில், நீல மையில் விழும் ஒரு வட்ட முத்திரை. அதற்குள் ஒன்பது இடங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும்: ஏற்றுமதியான ஆண்டின் கடைசி இலக்கம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஆறு இலக்க வரிசை எண். கூடவே தேதி, கையொப்பம், வகை எண், அளவு ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும், மங்கலாக இருந்தாலும், அடித்துத் திருத்தியிருந்தாலும் விசா செல்லாது. விசாவில் எழுதிய அளவைவிடச் சரக்கு அதிகமாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். குறைவாக இருந்தால் விடுவார்கள், உள்ளே போன அளவை மட்டும் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். இதனால் அனுபவம் உள்ள ஏற்றுமதியாளர்கள் பெட்டிகளை எண்ணி முடித்து, அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் முத்திரைக்குப் போவார்கள். பின்னாளில் விசா விவரங்களை ஏற்றுமதி நாட்டு அரசு நேரடியாக அமெரிக்கச் சுங்கத்துக்கு மின்வழியில் அனுப்பும் முறை வந்தது. அதற்கு எல்விஸ் என்று சுருக்கப் பெயர். பெயரைக் கேட்டதும் ஒரு பாடகர் நினைவுக்கு வருவார்; ஆனால் போலி முத்திரைகளை ஒழித்ததில் அந்தக் கணினி செய்த வேலை பெரியது.

இந்த முறைக்கு நான் தரும் முதல் பாராட்டு, “இடமில்லை” என்பதை அது கப்பலேறுமுன் சொன்னது என்பதற்குத்தான். வரம்பை விதித்தது இறக்குமதி நாடு. ஆனால் பங்கிட்டுக் கொடுத்தது ஏற்றுமதி நாட்டு அரசு. கையில் விசா இல்லையென்றால் சரக்கு கிளம்பாது. கொஞ்சம் நெகிழ்வும் இருந்தது. ஒரு வகையில் மிஞ்சியதை இன்னொரு வகைக்கு மாற்றுவது, சென்ற ஆண்டில் மீந்ததை இந்த ஆண்டுக்குக் கொண்டுவருவது, அடுத்த ஆண்டுக் கணக்கிலிருந்து முன்கடன் வாங்குவது என மூன்று வழிகளை ஒப்பந்தமே அனுமதித்தது. வரம்பும் பொதுவாக ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர வேண்டும் என்பது விதி. முன்கடன் வாங்கியவர்கள் அடுத்த ஆண்டின் இறுதியில் பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அது அவரவர் பேராசை. முறையின் குற்றம் அல்ல.

குற்றம் வேறிடத்தில் இருந்தது. இறக்குமதி வரி என்றால், நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வரி விதித்த அரசின் கருவூலத்துக்குப் போகும். கோட்டாவில் அப்படி இல்லை. வரம்பினால் சந்தையில் ஆடையின் விலை ஏறும். ஏறிய அந்தப் பணம் யார் கையில் உரிமம் இருக்கிறதோ அவர் பைக்குள் போகும். கடந்த ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தவர்களுக்கே பெரும்பங்கை ஒதுக்குவது பல நாடுகளில் வழக்கமாக இருந்ததால், பழைய பெயர் உள்ளவர் ஒரு தையல் எந்திரத்தைக்கூட ஓட்டாமல் காகிதத்தை விற்றுப் பிழைக்க முடிந்தது. ஹாங்காங்கில் இது வெளிப்படையான சந்தையாகவே நடந்தது. வகைக்கு ஒரு விலை, பருவத்துக்கு ஒரு விலை. எனக்கு வரும் விலைப்புள்ளிகளில் துணி, தையல், பொத்தான், பெட்டி என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் கோட்டாவுக்கென்று ஒரு வரி நிற்கும். சில மாதங்களில் தையற்கூலியைவிட அந்த வரி பெரிதாக இருந்ததைக் கண்டு மனம் கசந்திருக்கிறது. ஒரு சேவையின் கட்டணத்தை அதை நடத்துபவரும் வாங்காமல், வேலை செய்பவரும் வாங்காமல், வரிசையில் முன்னால் நின்ற ஒரே காரணத்துக்காக மூன்றாம் ஆள் வாங்கிக்கொண்டு போகிற ஏற்பாட்டை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பெண்களுக்கான பின்னல் மேலாடை ஆர்டர் ஒன்று வந்தது. 339இல் இடம் கிடைப்பது அரிதாகி, உரிமத்தின் விலை உச்சத்தில் இருந்த நேரம். இரண்டு இழை கலந்த துணியில் எடையில் எது அதிகமோ அதன் கணக்கில்தான் வகை தீரும் என்பது பொது விதி. எனவே பாலியஸ்டர் 52, பருத்தி 48 என்று நூலைக் கலந்தால் ஆடை செயற்கை இழை வகையான 639க்குப் போய்விடும். அங்கே இடமும் இருந்தது, விலையும் குறைவு. உடுத்துகிறவருக்கு எது இதமாக இருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை. நூலின் கலவையைக் கோட்டாதான் தீர்மானித்தது. சரக்கு வந்து இறங்கியது. சுங்கம் ஒரு மாதிரியை எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியது. பருத்தி 51 விழுக்காடு என்று முடிவு வந்தது. நூற்பாலையில் கலவை மூன்று புள்ளி பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று புள்ளியில் 639 விசா வெறும் காகிதமாகிவிட்டது. ஏற்றுமதியாளர் வேறொருவரிடம் 339 வாங்கி, தன் நாட்டு அரசிடம் மறுவிசா பெற்று அனுப்ப ஏழு வாரம் ஆனது. அதுவரை சரக்கு பிணைக் கிடங்கில், அதாவது சுங்கம் விடுவிக்கும்வரை சரக்கை வைத்திருக்கும் கிடங்கில், வாடகைக்குக் குடியிருந்தது. கையில்லாத கோடை மேலாடைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிர் அலமாரியில் குளிர் அங்கிகள் ஏறிவிட்டிருந்தன. அதன்பிறகு எந்தக் கலப்புத் துணியானாலும் 60க்கு 40 என்றால்தான் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

நாங்கள் செய்தது சின்னத் தந்திரம். பெரிய தந்திரங்கள் நாடுகளையே மாற்றின. எம்எஃப்ஏ பருத்தி, கம்பளி, செயற்கை இழை என்று மூன்றை மட்டும் பெயர் சொன்னதால், 1980களில் ராமி என்ற தாவர நார் கலந்து பின்னிய ஸ்வெட்டர்கள் அமெரிக்கக் கடைகளில் குவிந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் ராமி என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். 1986இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அந்த ஓட்டையை அடைத்தார்கள். தன் பங்கு நிரம்பிப்போன தென்கொரியாவின் டேவூ நிறுவனம், 1970களின் இறுதியில் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்து, அங்கிருந்து 130 பேரைத் தன் நாட்டுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. வங்கதேசத்துக்கு அப்போது கோட்டா கிடையாது என்பதே முதல் காரணம். 1985க்குள் அதற்கும் கோட்டா வந்துவிட்டது. ஆனால் தொழில் அதற்குள் வேர்விட்டுவிட்டது. தடுக்க வந்த ஒன்று போட்டியாளரைப் பெற்றெடுத்த கதை இது. துணியை ஓரிடத்தில் வெட்டி வேறிடத்தில் தைத்தால் எந்த நாட்டுக் கணக்கு என்ற சிக்கலில் அமெரிக்கா வெட்டிய இடத்தைப் பார்த்துவந்தது. 1996 ஜூலை முதல் தைத்த இடம் என்று மாற்றியது. அந்த ஆண்டு எங்கள் கோப்புகள் அனைத்தையும் திரும்ப எழுதினோம்.

மொத்தத்தில் விசா முறைக்கு ஐந்துக்கு மூன்று. விடைபெற்றபோதும் அது தன் குணத்தை விடவில்லை. 2004க்குரிய வரம்பை மீறி அந்த ஆண்டு அனுப்பிய சரக்கை, 2005 பிறந்து கோட்டாவே ஒழிந்தபின்னும், பிப்ரவரி வரை காக்கவைத்து, பிறகு பழைய வரம்பில் மாதத்துக்கு 5 விழுக்காடு வீதம் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார்கள். எரிச்சலூட்டிய ஏற்பாடுதான். ஆனாலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்தார்கள் என்பதால் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

அடுத்தது ஐரோப்பா. இதற்கு ஐந்துக்கு ஒன்றுதான் தர முடியும். அதுவும் அட்டவணையை ஒழுங்காக வெளியிட்டதற்காக. 2005 ஜனவரியில் உலகெங்கும் கோட்டா நீங்கியதும் சீன ஆடைகள் வெள்ளமாகப் பாய்ந்தன. ஜூன் 10 அன்று ஷாங்காயில் ஐரோப்பிய வணிக ஆணையர் பீட்டர் மேண்டல்சனும் சீன அமைச்சர் போ ஷிலாயும், டி-சட்டை, பின்னல் மேலாடை, கால்சட்டை, பிரா, படுக்கை விரிப்பு உள்ளிட்ட பத்து வகைகளின் வளர்ச்சியை 2007 முடிய ஆண்டுக்கு 8 முதல் 12.5 விழுக்காட்டுக்குள் நிறுத்த உடன்பட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் எம்எஃப்ஏவைவிடத் தாராளமான வளர்ச்சி. கோளாறு நாள்காட்டியில் இருந்தது. இலையுதிர்காலத்துக்கான ஆர்டர்களைக் கடைகள் மாதங்களுக்கு முன்பே கொடுத்து, முன்பணமும் கட்டிவிட்டிருந்தன. ஒப்பந்தம் ஜூனில் கையெழுத்தானது. உரிமம் வழங்கும் ஏற்பாடு ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. கதவு மூடப்போகிறது என்று ஊரறிய அறிவித்துவிட்டு ஒரு மாதம் திறந்தே வைத்திருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அனுப்ப முடிந்த எல்லாவற்றையும் எல்லோரும் அனுப்பினார்கள். அவையும் வரம்பின் கணக்கில் ஏறிக்கொண்டன.

ஆகஸ்டில் பின்னல் மேலாடை நிரம்பியது, கால்சட்டை நிரம்பியது, பிராவும் நிரம்பியது. ஒன்றியம் நடத்திய இணைய அட்டவணையைக் காலையில் திறந்தால் முதல் நாள் இருந்த இடைவெளி மறைந்திருக்கும். அந்த நாட்களில் நான் இரண்டு கொள்கலன்களுக்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டவணையில் இருந்த எண் சரியான எண்தான். ஆனால் அது எனக்குத் தெரிந்தபோது என் சரக்கு நடுக்கடலில் இருந்தது. ஐரோப்பியத் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் ஏறத்தாழ 8 கோடி உருப்படிகள் முடங்கின. செய்தித்தாள்கள் இதற்குப் பிரா போர் என்று பெயர் வைத்துச் சிரித்தன. சிறிய கடைக்காரர்கள் சிரிக்கிற நிலையில் இல்லை. செப்டம்பர் 5 அன்று பெய்ஜிங்கில் ஒரு தீர்வு கண்டார்கள். முடங்கியதில் பாதியை ஐரோப்பா தன் பொறுப்பில் உள்ளே விட, மீதிப் பாதியைச் சீனா அடுத்த ஆண்டின் வரம்பிலோ வேறு வகைகளிலோ கழித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. என் கொள்கலன்களும் வெளியே வந்தன. கிடங்கு வாடகை யார் கணக்கில் என்பதற்கு மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் பதில் இல்லை.

அமெரிக்காவும் அதே ஆண்டு மே மாதத்தில் சீனாவின் பருத்திப் பின்னல் சட்டை, கால்சட்டை, உள்ளாடை ஆகியவற்றை 7.5 விழுக்காடு வளர்ச்சிக்குள் நிறுத்தும் பாதுகாப்பு நடவடிக்கையில் இறங்கியது. நவம்பர் 8 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு 2006 முதல் 2008 முடிய வரம்புகளை முன்கூட்டியே நிர்ணயித்தன. மூன்று ஆண்டுக்கான எண்கள் கையில் இருந்ததால் ஆர்டர்களைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. பெரிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஒரு கோட்டாவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருப்பதே அதற்கான நற்சான்று.

மூன்றாவது முறைக்கு நான்கு கொடுக்கலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்திலும், அதே மூன்று நாடுகளின் முந்தைய ஒப்பந்தமான நாஃப்டாவிலும் சலுகை அளவு என்ற ஏற்பாடு உண்டு. வெளிநாட்டுத் துணியைக் கொண்டு இந்த நாடுகளில் வெட்டித் தைத்த ஆடைகள், ஆடை எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிக்கும் ஒப்பந்தத்தின் மூல நாட்டு விதியை நிறைவு செய்யாவிட்டாலும், ஆண்டுக்கு இத்தனை சதுர மீட்டர் சமானம் வரை சலுகை வரியில் உள்ளே போகலாம். ஏற்றுமதி நாட்டு அரசு தரும் தகுதிச் சான்று வேண்டும். முந்தி வருபவருக்கு முதலிடம். அளவு தீர்ந்தால் கதவு மூடாது. வழக்கமான வரியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். இதுதான் பழைய முழுத் தடைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. முழுத் தடையில் வரம்பு தீர்ந்தால் சரக்கைப் பிணைக் கிடங்கில் போட்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். இங்கே போவது பணம் மட்டும், பருவம் போகாது. ஜவுளியில் எது பெரிய இழப்பு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

குறைத்த ஒரு மதிப்பெண் நிலவர அறிக்கைக்காக. அமெரிக்கச் சுங்கம் வாரந்தோறும் எந்த அளவு எவ்வளவு நிரம்பியது என்று வெளியிடுகிறது. ஆண்டின் முற்பகுதியில் அது போதும். நிரம்பும் தறுவாயில் ஒரு வாரம் என்பது மிக நீண்ட காலம். நீங்கள் பார்ப்பது ஏற்கெனவே பழையதாகிவிட்ட எண். உங்கள் சரக்குக்கு இடம் பிடிபடுவது கப்பல் வந்த நாளில் அல்ல, முழுமையான நுழைவு ஆவணத்தைப் பணத்தோடு தாக்கல் செய்த தருணத்தில் என்பதையும் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். ஒரு பூச்சியம் பிழையென்று ஆவணம் திரும்பினால் வரிசையில் உங்கள் இடமும் போயிற்று. விளிம்பை நெருங்கும் கட்டத்தில் சுங்கம் எல்லோரிடமும் முழு வரியையே முதலில் வைப்பாகக் கேட்கக்கூடும். பின்னால் கணக்குப் பார்த்து, வரம்புக்குள் வந்தவர்களுக்கு மிகுதியைத் திருப்பித் தரும். எனவே ஆண்டின் பிற்பகுதியில் ஆர்டர் போடுகிறவர்கள் சலுகை விலையில் அல்ல, முழு வரியைச் சேர்த்த விலையில் பேரம் முடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் அது உங்கள் இலாபம். தகுதிச் சான்றின் அளவும் பெட்டிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கப்பலேறுமுன் நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தரகர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.